மதினி கழற்றாத கால்

போர் முடிந்து கடல் திறந்த பிறகு எங்கள் கண்டக்குழி ஆண்கள் பழையபடி முல்லைத்தீவுக் கரைக்கு வாடி போடப் போனார்கள். இங்கே கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் கெட்டுவிடும், அங்கே அமைதியாக இருக்கும். ஓலைக் கொட்டில் அடித்து, நாலு மாதம் தங்கித் தொழில் செய்து, கருவாட்டுச் சிப்பங்களோடு லொறியில் திரும்பி வருவார்கள். என் அண்ணன் இரண்டாவது தடவை போனபோது ஒரு பெண்ணைக் கோயிலில் கைப்பிடித்து, அவளோடு வந்து இறங்கினான்.

லொறியிலிருந்து அந்தப் பெண் இறங்க நேரம் எடுத்தது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். ஆளும் மெலிந்து போயிருந்தார். வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் ஒருத்தி, "கருவாடு கொண்டா எண்டு அனுப்பினா முள்ளக் கொண்டாந்திருக்கான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் நான் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊரில் அண்ணன் மனைவியை மதினி என்போம். இதை எழுதும்போதுதான் நான் அவரை மதினி என்கிறேன். அந்த வீட்டில் இருந்த காலத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. "அது சாப்பிட்டதா", "அது எழும்பிட்டுதா" என்று அம்மாவிடம் கேட்பேன். அவருக்கு என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியது இருந்தால், அவர்கள் ஊர் முறைப்படி "மச்சாள்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

அவரும் எங்களைப் போல வேதக்காரிதான். செபமாலையை எங்களைவிடப் பிழையில்லாமல் சொல்வார். மீன் வெட்டத் தெரியும், வலை பின்னத் தெரியும், சமையல் கெட்டிக்காரி. அதனால் எங்களுக்குக் குற்றம் பிடிக்க மிஞ்சியது காலும் ஊரும்தான். கடைசிச் சண்டையில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது செல் விழுந்து கால் போனது என்று வந்த முதல் வாரமே சொன்னார். கையில் ஏந்தியிருந்த பேணி அப்படியே இருந்ததாம், கஞ்சிகூடச் சிந்தவில்லையாம். ஊருக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. அவர் துவக்குப் பிடித்தவர், எத்தனையோ பேரை முடித்துவிட்டு வந்திருக்கிறார் என்ற கதைதான் பிடித்தது. மாதம் ஒருமுறை சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, எங்கள் முன் அறைக் கதிரையில் இருந்து, போன மாதம் கேட்ட அதே கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு ஊருக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

அந்த வருடம் கரைவலையில் மீன் படவில்லை. எங்கள் கரையில் கயிற்றில் கை வைத்த யாரையும் கறிக்கு மீன் கொடுக்காமல் அனுப்புவதில்லை. அதை நம்பி மதினி இரண்டு நாள் போய்க் கயிறு இழுத்தார். மணலில் பொய்க்கால் புதையும். அதைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து இழுத்தார். இரண்டு நாளும் வலையின் மடி வெறுமையாக வந்தது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, அவர் காதில் விழும்படியே, "ஒரு காலடிக்கே இப்புடி. ரெண்டும் இருந்திருந்தா கடலே வத்தியிருக்கும்" என்றார். மூன்றாம் நாள் மதினி போகவில்லை. அந்தப் பகிடியை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்குச் சொன்னேன். மதினி குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். திருவும் சத்தம் நிற்கவில்லை.

இவ்வளவு வன்மம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சொல்லலாம். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நுரைச்சோலையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து, எல்லாம் பொருந்தி, கடைசியில் மோட்டார் சைக்கிள்காரர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு நின்றுபோனது. மாப்பிள்ளையின் தாய் சொல்லியனுப்பிய சொல் எனக்கு இப்போதும் எரிகிறது. "வீட்டுக்குள்ள பயங்கரவாதிய வச்சிருக்கிற ஆக்களோட எங்களுக்குச் சரிவராது." அந்தப் பெண்மணி மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் முழுக்க குசினிக்குள் இருந்தவர் மேல் போனது. அடிக்கக் கிடைக்கிறவரைத்தானே அடிக்கலாம்.

அடுத்த சம்பந்தம் சிலாபத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தப் படகு, குடிப்பழக்கம் இல்லை. இதுவும் போனால் இனி இல்லை என்று அம்மா சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் முன் பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டி வர வேண்டியவர் அண்ணன் மனைவி. அவர் கையை மாப்பிள்ளையின் தாய் பிடித்து, பெண்ணைத் தன் பக்கம் வாங்கி இருத்துவார். அண்ணன் மனைவி வராவிட்டால் அந்த வீட்டில் மாமிக்கும் மருமகளுக்கும் ஒத்துவராது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். இந்த முறையை அம்மா மதினிக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாரமாக மதினி பின்வளவில் நடந்தார். மத்தியானம் நாங்கள் படுத்த பிறகு, கிணற்றடியிலிருந்து வேலி வரைக்கும், சேலையைத் தழையக் கட்டிக்கொண்டு, கையை ஒரு பெண்ணின் கையைப் பிடித்திருக்கிற மாதிரி நீட்டிக்கொண்டு நடந்தார். நொண்டல் தெரியாமல் நடக்கப் பழகினார். யன்னலால் பார்த்தேன். நாலாம் நாள் உண்மையாகவே தெரியவில்லை. அவ்வளவு அழகாக நடந்தார். அன்றைக்கே நான் மனம் இளகியிருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். நொண்டினால் ஒரு சாட்டுச் சொல்லி உள்ளே இருத்தலாம். நொண்டாத ஆளை என்ன சொல்லி இருத்துவது? முன் அறைக்கு வந்து வாயைத் திறந்தால் போதுமே, சண்டை நடந்த வன்னிப் பக்கத்து ஆள் என்று பேச்சிலேயே தெரிந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர்கள் வருவதாக இருந்தது. இரண்டு மணிக்கு மதினி காலைக் கழற்றிக் கட்டிலோடு சாய்த்துவிட்டு, ஊன்றுகோலோடு கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். அண்ணன் சோடாவும் கேக்கும் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். நான் அறைக்குள் போனேன். கட்டிலில் அயன் பண்ணிய நீலச் சேலையும், பக்கத்தில் எனக்கென்று கட்டிய ஒரு முழம் பூவும் இருந்தன. காலைத் தூக்கினேன். நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. பாவாடையால் மூடிக்கொண்டு குசினிக்குள் போனபோது அம்மா என்னைக் கண்டார். என் கையைப் பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். வலைக் கொட்டிலில் பழைய வலைக் குவியலுக்கு அடியில் அதைத் தள்ளிவிட்டு வந்து முகத்துக்குப் பவுடர் போட்டேன்.

ஊன்றுகோலை நான் எடுக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அவர் தாராளமாக முன் அறைக்கு வந்திருக்கலாம். ஆனால் அப்படி வந்தால் என் சம்பந்தம் குழம்பும் என்று அவருக்குத் தெரியும், குழப்ப மாட்டார் என்று எனக்கும் தெரியும். அவருடைய நல்ல மனதை நம்பித்தான் நான் திருடினேன்.

அவர்கள் வந்தார்கள். சின்னம்மா என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனார். மாப்பிள்ளையின் தாய், "மருமகள் எங்க?" என்று கேட்டார். "காய்ச்சல், ஒட்டிப்போடும் எண்டு படுக்கச் சொல்லியிருக்கன்" என்று அம்மா சொன்னார். அண்ணன் அறைக் கதவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு எல்லோருக்கும் சோடா உடைத்துக் கொடுத்தான். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ நகரும் சத்தம் கேட்டது, கட்டிலை இழுக்கிற மாதிரி. பிறகு நின்றுவிட்டது. அன்றைக்கே கலியாணப் பேச்சு முற்றாகிவிட்டது.

அவர்கள் போன பிறகு அம்மா கொட்டிலுக்குப் போய்க் காலை எடுத்துக்கொண்டு வந்தார். நான் பின்னால் போனேன். மதினி நீலச் சேலையோடு நிலத்தில் இருந்தார். சேலை முழுக்கப் புழுதி. அறையின் ஒவ்வொரு மூலையையும் தவழ்ந்து தேடியிருக்கிறார். "கொட்டிலுக்குள்ள கிடந்துச்சு புள்ள, நாய் இழுத்திட்டுப் போயிருக்கும்" என்றார் அம்மா. எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரே நாய்க்கு வாயில் பல்லே இல்லை. மதினி காலை வாங்கி மடியில் வைத்து மண்ணைத் துடைத்தார்.

"சம்பந்தம் சரிவந்திட்டுதோ மாமி?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் அம்மா.

"நல்லது. மச்சாள், பூவை வைச்சுக்கொள்ளுங்கோ, வாடப் போகுது" என்றார். நான் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பிறகு மதினி அந்தக் காலைக் கழற்றவில்லை. குளிக்கும்போது சொப்பிங் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு குளித்தார். படுக்கும்போதும் போட்டுக்கொண்டே படுத்தார். தான் கழற்றச் சொன்னதாகவும், மதினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததாகவும் அண்ணன் பிறகு சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரியும். அவனும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டால் தாய்க்கும் தங்கைக்கும் பதில் சொல்ல வேண்டிவரும் என்ற பயம். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை வளர்ந்த லட்சணம் அது.

என் கலியாணத்தன்று மதினி கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருந்தார். சுவிசேஷம் வாசிக்கும்போது எல்லோரும் எழும்பி நிற்க அவர் மட்டும் எழும்பவில்லை. கோயிலில்கூட மரியாதை தெரியாதவள் என்று மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு நினைத்தேன். வெளியே வந்ததும் என் கணவரின் மாமி ஒருவர், அந்த மெலிந்த பெண் யார் என்று கேட்டார். "அம்மாவுக்கு உதவிக்கு நிக்கிற ஆள்" என்றேன். மதினி எனக்கு மூன்று அடி தள்ளி நின்றார்.

கலியாணம் முடிந்து இரண்டாம் மாதம் அண்ணன் போன் பண்ணினான். மதினிக்குக் காய்ச்சல் விடவில்லை, காலில் அழுகல் மணக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறேன், நீ வா என்றான். என்னைக் கூப்பிட்டது பாசத்தால் அல்ல. நான் கலியாணத்துக்கு முன் ஒரு சிங்கள முதலாளியின் துணிக்கடையில் நின்றவள். எங்கள் வீட்டில் சிங்களம் சரளமாகப் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அண்ணனுக்குச் சந்தைச் சிங்களம். மதினிக்கு ஒரு சொல்லும் தெரியாது.

டொக்டர் ஒரு சிங்கள இளைஞர். பொய்க்காலைக் கழற்றியபோது நேர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே வியர்வையும் உப்பும் மணலும் ஊறி, சதை அழுகியிருந்தது. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், இனி இந்தக் கால் பொருந்தாது என்றார் டொக்டர். அதை நான் தமிழில் சொன்னேன். மதினி கண்ணை மூடித் திறந்தார். இரவில் கழற்றி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லையா, ஏன் கழற்றவில்லை என்று டொக்டர் கேட்டார். அதையும் தமிழில் சொன்னேன்.

மதினி டொக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கழட்டி வைச்சால் அந்த வீட்டில திரும்பக் கிடைக்குமோ தெரியாது எண்டு சொல்லுங்கோ மச்சாள்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். டொக்டர் எனக்காகக் காத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண்ணும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கழுத்தில் புதுத்தாலி.

"கழற்றிப் பூட்டச் சோம்பலாம்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

டொக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. படிக்காத மனிதர்கள், தங்கள் உடம்பைத் தாங்களே கெடுத்துக்கொண்டு வந்து எங்கள் உயிரை வாங்குகிறார்கள் என்று கத்தினார். பொய்க்காலைத் தூக்கிக் காட்டிக் காட்டிக் கத்தினார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மதினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிரம்பியது. தனக்காக ஒரு மனிதன் எங்கள் மேல் கோபப்படுகிறான் என்று நினைத்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் அவருக்காக யாரும் கோபப்பட்டதில்லை.

பிறகு என் கையைப் பிடித்தார். கை கொதித்தது.

"காணும், இனிப் போதும் எண்டு சொல்லுங்கோ மச்சாள். உங்களை ஏச வேண்டாமாம் எண்டு சொல்லுங்கோ. நீங்களும் என்ன செய்வியள், உங்கட கலியாணம் நடக்க வேணுமெல்லோ."

டொக்டர், "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

"இனிமேல் கவனமாக இருப்பாவாம்" என்றேன்.