என் சான்றிதழோடு உள்ளே போனவர்

இன்று மத்தியானம் மகனுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தபோது மனேஜர் போன் எடுத்தார். வெள்ளிக்கிழமை காலை எல்லாருடைய சம்பள விபரங்களையும் ஏன் திறந்து பார்த்தாய் என்று கேட்டார்.

அந்த நேரம் நான் மகனுக்கு ஊசி போடக் கிளினிக்கில் நின்றேன். சொன்னேன். "உன்னுடைய சான்றிதழ் வந்தால் நீ வந்ததாகத்தான் அர்த்தம்" என்றார்.

வீட்டிலிருந்து ஒபிஸ் சேர்வருக்குள் போக எங்களுக்கு ஆளுக்கொரு டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. சேர்வர் தன்னுடையதைக் காட்டும், எங்கள் கொம்பியூட்டர் எங்களுடையதைக் காட்டும். இரண்டும் சரியென்றால்தான் கதவு திறக்கும். என்னுடையது என் லப்டொப்பில் மட்டும்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தேன்.

அதைப் போட்டுத் தந்தது என்னோடு வேலைசெய்யும் சுமதி அக்கா. மகன் பிறந்த கையோடு, லண்டன் ஹரோவில் இருக்கும் எங்கள் வீடு தேடி வந்து செய்த உதவி.

அவருக்குப் போன் எடுத்தேன்.

"ஓமப்பா, ஒரு கொப்பி என்ரை மெஷினிலையும் கிடந்தது. அதாலைதான் உள்ளுக்குப் போனனான். என்ரை சான்றிதழாலை போனா என்ரை பெயரெல்லோ விழும்."

"அப்ப என்ரை பெயர் விழலாமோ அக்கா?"

"நீர் கைக்குழந்தைக்காரி. உம்மிலை ஆர் சந்தேகப்படப் போகினம்? தெரியாமல் கிளிக் பண்ணிட்டன் எண்டு சொல்லும், விட்டிடுவினம்."

மனேஜரிடம் உண்மையைச் சொல்ல அவருக்கு ஏலாதாம்.

பின்னேரம் என் சான்றிதழை ரத்துச் செய்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை எனக்கு வேலை இல்லை.

சேர்வர்கூட ஆளை அத்தாட்சி கேட்டுத்தான் உள்ளே விடுகிறது. வீட்டுக்கு வந்த சுமதி அக்காவிடம் நான், தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்று மட்டும்தான் கேட்டேன்.

நீங்களெல்லாம் ஆளை என்ன கேட்டு உள்ளே விடுகிறீர்கள்?