தளம் போட்ட அன்று வந்த மழை

காரைக்குடி வட்டாரத்தில் நாற்பது வீடு, மூன்று கல்யாண மண்டபம், ஒரு பள்ளிக்கூட மாடி, எல்லாம் நான் கட்டியவை. மூன்றாம் வகுப்போடு நின்று, மண் சுமந்து மேலே வந்தவன் நான். 'இவனா கட்டுவான்' என்று சிரித்தவர்கள் இன்று என் மண்டபத்தில்தான் பேத்திக்குக் காது குத்துகிறார்கள்.

பள்ளத்தூரில் ஒரு வேதக்காரப் பெண்ணுக்கு வீடு கட்டினேன். இருபது வயதிருக்கும். இரண்டு காலும் விளங்காது; சக்கர நாற்காலிதான். கழுத்தில் செபமாலை. எது நடந்தாலும் முதலில் "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்பாள். சிமெண்டு வராத அன்றும் அதையேதான் சொன்னாள்.

கூரைக்குத் தளம் போட்டு முடித்த மதியமே மழை பிடித்துக்கொண்டது. ஈரத் தளத்தில் மழை விழுந்தால் சிமெண்டு கரைந்து ஓடிவிடும். இன்னொரு தளம் போட அவளுக்கு வழியில்லை. அப்போதும் தோத்திரம் சொன்னாள்.

"இதுக்குமா தாயி?" என்று கத்தினேன்.

"என்னால வாயைத்தானய்யா தூக்க முடியும். நீங்க ஏன் சும்மா நிக்கிறீக? தார்ப்பாயைத் தூக்குங்க."

தார்ப்பாயை விரித்து, அது பறந்துவிடாமல் மழை விடும்வரை சாரத்தில் நின்று பிடித்துக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் தளத்தில் ஒரு கீறல் இல்லை. கீழேயிருந்து மறுபடியும் தோத்திரம்.

அவளுக்கு அவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்ததென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்: "நல்லாச் சொல்லு தாயி. ஆனா நனைஞ்சது நான். என் பேரையும் சேர்த்துச் சொல்லு."