மகளை இங்கிலீஷ் வகுப்பில் விட்டேன்

கொழும்புப் புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை போட்டு நின்று பிடித்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கலவரத்தில் எரிந்த கடையை அதே தெருவில், அதே பக்கத்தில் திரும்பக் கட்டித் திறந்தவன். என்னிடம் சம்பளத்துக்கு வேலை செய்தவர்களில் பட்டதாரிகளும் உண்டு. இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. மகளின் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால்தான் வாய் தடுமாறும்.

அவள் ஆறாம் வகுப்புக்குப் போகிற நேரம், அரசாங்கம் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் வகுப்பைத் திரும்பவும் கொண்டுவந்தது. எல்லாப் பாடமும் அல்ல. கணிதம், விஞ்ஞானம் போன்றவை இங்கிலீஷில்; சமயமும் சரித்திரமும் வழமைபோலத் தமிழில். விரும்பிய பிள்ளைகள் சேரலாம் என்றார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. அதற்கொரு காரணம் இருந்தது. சண்டைக் காலத்தில் ஒருநாள் சோதனைச்சாவடியில் எங்களை பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் விட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவரும் தமிழர்தான், நெற்றியில் திருநீறு வேறு. அவர் இங்கிலீஷில் இரண்டு வசனம் சொன்னார். ஆமிக்காரன் "ஹரி சேர்" என்று சிங்களத்தில் சரி சொல்லி வழிவிட்டான். எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். என்னை வெயில் ஏறும்வரை நிறுத்தி வைத்தான். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன், என் பிள்ளை இப்படி நிற்கக்கூடாது என்று.

பெற்றோர் கூட்டத்தில் விஞ்ஞான ரீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்கட பிள்ளை விஞ்ஞானத்தில நல்ல கெட்டிக்காரி. அவவைத் தமிழிலயே விடுங்கோ. பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை வரைக்கும் நாங்கள் எப்பிடியும் இங்கிலீஷில இழுத்துக்கொண்டு போயிடுவம். அதுக்கு மேல, கம்பசுக்குப் போற ஏ.எல். வகுப்பில விஞ்ஞானம் இங்கிலீஷில படிப்பிக்க எங்களிட்ட ஆள் இல்லை."

"அதுக்கிடையில அரசாங்கம் ஆக்களைத் தரும் ரீச்சர். யோசியாமலே திட்டத்தைக் கொண்டுவந்திருப்பினம்?"

"திட்டம் வந்திட்டுது ஐயா. ஆக்கள்தான் வரேல்லை."

பக்கத்தில் நின்ற தாய்மார் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் ஐஞ்சாம் வகுப்பு. எனக்கு ஆர் படிப்பிச்சது? என்ர பிள்ளை தானாப் படிப்பாள்" என்றேன். விறாந்தையில் நின்ற மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதுவரை கொட்டாஞ்சேனை வீட்டில் எங்களுக்கொரு வழக்கம் இருந்தது. பின்னேரத்தில் மனைவி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடம் கேட்பாள். மகள் நின்றபடி ஒப்புவிப்பாள். பிழைத்தால் மனைவி அகப்பையால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாள். நானும் தேத்தண்ணியோடு பக்கத்தில் இருப்பேன். இலை எப்படிச் சாப்பாடு செய்கிறது என்பதை அங்கேதான் நானும் படித்தேன். மறுநாள் கடையில் எனக்கு முன்பே தெரிந்ததுபோல எடுத்துவிடுவேன். மகளுக்கு டொக்டர் ஆகவேண்டும் என்று ஒரே ஆசை. மீன் வெட்டும்போது இதயத்தைக் கேட்டு வாங்கி, கோப்பையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இங்கிலீஷ் வகுப்பு தொடங்கிய பிறகும் மனைவி சில நாள் புத்தகத்தைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"இஞ்சருங்கோ, இவள் சரியாச் சொல்லுறாளோ பிழையாச் சொல்லுறாளோ எனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்களிட்டப் பாடம் சொன்ன காலம் முடிஞ்சுது. வெள்ளவத்தையில ரியூஷனுக்கு விடுவம்" என்றேன். அதையும் பெருமையாகத்தான் சொன்னேன்.

பள்ளிக்கூடம் விட்டு வெள்ளவத்தைக்குப் போய், சனத்தோடு சனமாக பஸ்ஸில் நசிந்து வருவாள். வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுவாள். விளங்கினால் என்ன, விளங்காவிட்டால் என்ன, பாடமாக்கத் தொடங்கினாள். மீன் வாங்கும் நாட்களில் இதயம் கேட்பதும் நின்றுபோனது. மனைவி கவனித்தாள், எனக்கும் தெரிந்தது. ஆனால் பக்கத்துக் கடை முஸ்லிம் நானா, "என்ன முதலாளி, மக இங்கிலீஷில படிக்கிறாவாம், இனி எங்களோடயெல்லாம் கதைப்பாவோ?" என்று பகிடி விடும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

ஓ.எல். நன்றாகவே பாஸ் பண்ணினாள். தெரு முழுக்கக் கேக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஏ.எல். பிரிவைத் தெரிவுசெய்யப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அதே ரீச்சர். தலை நன்றாக நரைத்திருந்தது.

"விஞ்ஞானம் தமிழில மட்டுந்தான் ஐயா. ஆள் தரேல்லை" என்றார். முந்திச் சொன்னேன்தானே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மகள் அதற்கு முன்பே தமிழில் நடக்கும் விஞ்ஞான ரியூஷன் வகுப்பொன்றுக்குச் சில நாள் போய்ப் பார்த்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டு போக, இவள் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்துப் பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அதை அவள் தாயிடம்தான் சொல்லியிருந்தாள்.

"காசு கட்டிற பள்ளிக்கூடத்தில இங்கிலீஷிலயே செய்யலாம் பிள்ளை. எவ்வளவெண்டாலும் அப்பா கட்டுறன்" என்றேன்.

அவள் மெதுவாக, "இன்னும் எத்தினை தரம் அப்பா என்னை மாத்துவியள்?" என்று கேட்டாள்.

கோபத்தில் கேட்கவில்லை, களைப்பில் கேட்டாள்.

"நான் கொமர்ஸ் செய்யிறன் ரீச்சர். அது எல்லாருக்கும் புதுசு."

"விருப்பத்தோடதானே பிள்ளை?"

மகள் என்னை ஒருக்கால் பார்த்தாள். "அப்பாட பிள்ளைதானே. கணக்கு வரும்" என்றாள். ரீச்சருக்கு முன்னால் என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள்.

இப்போது வங்கியொன்றில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள், தகப்பனைப் போலவே கணக்கில் புலி என்பார்கள். "இரத்தத்தில ஓடுது" என்று நானும் சொல்லிவிடுவேன், வாய்ப் பழக்கம். அவள் அந்த இடத்தில் இருந்தாலும் மறுத்து ஒன்றும் சொல்வதில்லை. அதைச் சொல்கிற நேரம் அவள் முகத்தைப் பார்க்க இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.