குணமாலா வீட்டில் ஈ தின்னும் செடி

பட்டு நெய்யும் ஊரில் பட்டைத் தொடமாட்டேன் என்று ஒரு தையற்காரி சொன்னால் பிழைக்க முடியுமா? குணமாலா பிழைத்தாள். இருபத்தாறு வருடமாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறாள். "புழுவ வேக வெச்சு எடுத்த நூலு. அதுல நான் ஊசி குத்தமாட்டேம்மா" என்று கல்யாணப் பெண்ணின் தாயிடமே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். வந்தவர்கள் முறைத்துக்கொண்டு போவார்கள். அடுத்த மாதம் பள்ளிக்கூடச் சீருடையைத் தூக்கிக்கொண்டு அவளிடமே வருவார்கள். அப்படி ஒரு கைவேலை அவளுக்கு.

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம் அவளுடையது; நயினார் வீடு என்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கொதிக்கவைத்து, ஆறவைத்துத்தான் குடிப்பார்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் வாசற்படி தாண்டாது. கணவர் அஜிதநாதன் கையில் உட்கார்ந்த கொசுவைக்கூட ஊதித்தான் அனுப்புவார். இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மகள் ஹர்ஷினி ஓர் ஆவணி மாதம் அந்தச் செடியைக் கொண்டுவந்தாள்.

டம்ளர் அளவுத் தொட்டி. இலை நுனி ஒவ்வொன்றிலும் ஒரு திறந்த வாய், வாயைச் சுற்றிப் பல், உள்ளே ரத்தச் சிவப்பு.

"இன்னாடி இது, வாயத் தொறந்துக்கினு இருக்குது?"

"வீனஸ் ஃப்ளைட்ராப்மா. ஈ வந்து உக்காந்தா டப்புனு மூடிக்கும். ஒரு வாரம், பத்து நாள்ல செரிச்சுரும். செம்ம கியூட்ல?"

குணமாலா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "கொண்டுபோய் வெளிய வைடி! உயிரத் தின்னற செடிக்கு ஊர்ல வேற வீடே கெடைக்கலயா?"

ஹர்ஷினிக்கு ஓசூரில் வேலை. கம்பெனி அவளை எட்டு மாதம் புனேவுக்கு அனுப்புகிறது. பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்: "வெளிய தூக்கிப் போட்டா செத்துரும்மா. அதுவும் ஒரு உயிர்தான? அப்புறம் உன் இஷ்டம்."

பெற்ற மகளல்லவா, எங்கே தட்டினால் வலிக்கும் என்று தெரிந்து தட்டிவிட்டுப் போய்விட்டாள். செடியை வைத்துக்கொண்டால் ஈ சாகும். தூக்கிப் போட்டால் செடி சாகும். இரண்டு பாவத்துக்கும் நடுவில் குணமாலா ஓர் இரவு முழுக்கப் புரண்டாள். விடிந்ததும் முடிவு சொன்னாள்: செடி இங்கேதான் இருக்கும், உயிரோடு இருக்கும். ஆனால் ஓர் ஈயைக்கூடக் கொல்லாது.

"புலி பசிச்சாலும் புல்லத் தின்னாதுன்னு சொல்லுவாங்க" என்றார் அஜிதநாதன்.

"நம்ம வீட்ல இருந்தா தின்னும். நீங்க பேசாம இருங்க."

அன்றைக்கே கொசுவலைத் துணியில் தொட்டிக்கு ஓர் அங்கி தைத்தாள். தையல் போட்டு, கீழே நாடா வைத்து, எறும்பு நுழையாத அங்கி. அதோடு விட்டாளா? பசிக்குமே என்று ஒரு வாயில் இரண்டு பருக்கை தயிர்சோறு வைத்தாள். வாய் டப்பென்று மூடியது. "பாருங்க, சாப்புடுது!" என்று குதித்தாள். ஐந்தாம் நாள் அந்த வாய் கறுத்து அழுகியது.

சரி, சோறு ஆகவில்லை, தண்ணீராவது நல்லதாகக் கொடுப்போம் என்று வீட்டார் குடிக்கும் அதே தண்ணீரை, வடிகட்டிக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றினாள். அப்புறமும் இலைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. பன்னிரண்டு வாயில் மூன்று மிஞ்சியது. குணமாலாவுக்குச் சீருடைக்கு அளவெடுக்கும்போதுகூட மனசு அங்கேயே கிடந்தது. கொல்லக் கூடாதென்று எடுத்து வளர்த்ததைத் தானே கொன்றுகொண்டிருக்கிறோமே என்று அழுதேவிட்டாள்.

மறுநாள் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பெரிய காஞ்சிபுரத்துக்குப் போனாள். அங்கே ஷரீஃப் பாய் செடிக் கடை வைத்திருக்கிறார். விரலை மண்ணில் விட்டுப் பார்த்தவர் கேட்டார்: "இன்னாம்மா தண்ணி ஊத்துன?"

"நாங்க குடிக்கிற தண்ணிதான் பாய். போர் தண்ணி, நல்லா கொதிக்கவெச்சு."

ஷரீஃப் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! கொதிச்சா தண்ணி ஆவியாப் போவும். உப்பு எங்கம்மா போவும்? அங்கயேதான் குந்திக்கினு இருக்கும். நீ உப்புத்தண்ணிய இன்னும் உப்பாக்கி ஊத்தியிருக்கற. இதுக்கு உப்பே ஆவாது. மழைத்தண்ணி புடிச்சு ஊத்து. இல்லன்னா பேட்டரிக்கு ஊத்துற தண்ணி."

"ஈ இல்லாம இருக்குமா பாய்?" என்று கேட்டாள் குணமாலா.

"இருக்கும்மா. வெயில்தான் அதுக்குச் சோறு. ஈ ஊறுகா மாதிரி. இருந்தா கொஞ்சம் கொழுகொழுன்னு வரும், அவ்ளோதான். ஆறு மணி நேரம் நல்ல வெயில்ல வை. எரு கிரு போட்டுறாத. அடித்தட்டுல எப்பவும் ஒரு விரக்கடை தண்ணி நிக்கட்டும்." உப்பேறிய மண்ணை உதறிவிட்டுப் பாசியும் கழுவிய மணலுமாகப் புதிதாக நட்டுக் கொடுத்தார். "கஷ்டம்னா இங்க உட்டுட்டுப் போம்மா. நம்ம கடைல ஈக்குப் பஞ்சமில்ல."

குணமாலா தொட்டியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அஜிதநாதன் மெக்கானிக் கடையில் பேட்டரித் தண்ணீர் வாங்கப் போனார். "கார் வாங்கிட்டீங்களா நயினாரே, சொல்லவேயில்ல?" என்று ஊரே கேட்டது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் மொட்டைமாடியில் அண்டா, குண்டான், பால் தூக்கு எல்லாம் வரிசையாக ஏறின. கார்த்திகைக்குள் ஏழு புது வாய்கள் திறந்தன. குணமாலா தினமும் அங்கியை விலக்கி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மிஷினில் உட்காருவாள்.

மார்கழியில் இலைகள் மறுபடி வாடின. பதறிப்போய் பாய்க்குப் போன் போட்டாள். "அது குளிர் தேசத்துச் செடிம்மா. ரெண்டு மாசமாவது தூங்கணும். நம்ம ஊர் குளிர் அதுக்குப் பத்தாது. இலைய வெட்டிட்டு, கிழங்க ஈரப்பாசில சுத்தி ஃப்ரிஜ்ல வை. ஃப்ரீசர்ல வெச்சிராத."

கிழங்கு! குணமாலா தோண்டி எடுத்துப் பார்த்தாள். வெள்ளைவெளேரென்று, சின்ன வெங்காயம்போலவே இருந்தது. சமணர் வீட்டு ஃப்ரிஜ்ஜில் அதைக் கவரில் போட்டு, கொத்தமல்லிக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

மாட்டுப் பொங்கலுக்கு நாத்தனார் வந்தவாசியிலிருந்து வந்தார். ஆசாரத்தில் நெருப்பு. கொத்தமல்லி எடுக்கப் போனவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது.

"குணமாலா! இன்னா அநியாயம் இது? இந்த வீட்ல வெங்காயமா?"

"அய்யோ அண்ணி, அது வெங்காயம் இல்ல, செடி! எங்க அது?"

"தூக்கிப் போட்டேன், காய்த்தோல் வாளில. பக்கத்து வீட்டு மாட்டுக்கு எடுத்துக்கினு போயிட்டாங்க."

குணமாலா ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் அந்தத் தெரு பேசுகிறது. பக்கத்து வீட்டு வேணுகோபால் அப்போதுதான் மாட்டுக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, வாளியைக் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்திருந்தார். மாடு வாயை வைத்தது. "இரும்மா, இரு தாயி!" என்று கத்திக்கொண்டு குணமாலா மாட்டின் மூக்குக்குக் கீழே முழங்கை வரை கையை விட்டாள். வாழைப்பழத்தோல், கழுநீர், கரும்புச் சக்கை, அதற்கெல்லாம் அடியில் அவளுடைய கிழங்கு. மாடு அவள் தோளை ஒரு நக்கு நக்கியது.

நல்ல சேலை நாறிப்போய் அவள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து நாத்தனாரே சிரித்துவிட்டார். விஷயம் முழுவதும் கேட்டுவிட்டு, "கொல்லாம வளக்கறியா? சரி, அந்தப் புண்ணியத்துல எனக்கும் பங்கு குடு" என்று தன் கையாலேயே மழைத்தண்ணீரில் அதைக் கழுவிக் கொடுத்தார்.

கிழங்கு மறுபடி ஃப்ரிஜ்ஜுக்குள் போனது; மாசிக் கடைசியில் எடுத்து நட்டாள். பங்குனியில் மூக்குத்திப் பொட்டளவுக்கு ஒரு பச்சை. சித்திரையில் ஒன்பது வாய்.

சித்திரை நடுவில் ஹர்ஷினி வந்தாள், செடியை எடுத்துப்போக. தண்ணீர் ஊற்றுவதற்காகக் குணமாலா அங்கியைக் கழற்றியிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஓர் எறும்பு இலைமேல் ஏறி, சிவந்த வாய்க்குள் நடந்தது. டப்.

எட்டு மாதம். அங்கி, பேட்டரித் தண்ணீர், மாட்டுத் தொட்டி, எல்லாம் இந்த ஒரு நொடியில் போயிற்றே! குணமாலா பிரிக்கக் கை நீட்டினாள்.

"பிரிக்காதம்மா, வாய் கிழிஞ்சிரும்."

இரண்டு தலைகளும் தொட்டிமேல் குனிந்தன. பல்லும் பல்லும் கோத்திருந்த சந்தில் ஒரு மீசை தெரிந்தது. பிறகு ஒரு கால். குட்டி எறும்பு உடம்பை நெளித்து வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இலையிலிருந்து இறங்கித் தன் வேலையைப் பார்க்கப் போனது.

"சே, மிஸ்ஸாயிடுச்சே!" என்றாள் ஹர்ஷினி.

குணமாலா கையைத் தட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தவள், அதைக் கேட்டுச் சட்டென்று நிறுத்தினாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள். தொட்டிக்கு அங்கியை மாட்டினாள். நாடாவை இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"நீ வேற செடி வாங்கிக்கடி. இது எங்கயும் வராது."