சத்தம் வராமல் விசில் ஊதுவது

எனக்கு மூச்சிழுப்பு வந்தால் பார்க்கிறவனெல்லாம் வைத்தியன் ஆகிவிடுவான். ஒருவன் துளசி என்பான், இன்னொருவன் தூதுவளை என்பான். ஒன்றும் தெரியாதவன் "பதறாதீங்க" என்பான். அவனை அறையலாம் போலிருக்கும்.

1950களில் புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகப் போன ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். செம்மண் புழுதி நெஞ்சுக்கு ஆகாது. "இன்னொரு தடவை வண்டியில இழுத்துக்கிட்டுக் கெடந்தா வீட்டுக்குப் போயிரு" என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு வேறு வேலை தெரியாது.

ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை கொடுத்தார். "காத்தை உள்ள இழுக்கச் சண்டை போடாதப்பா. தோளைத் தொங்கவிட்டு, வாயைக் குவிச்சு மெதுவா வெளிய விடு" என்றும் சொன்னார். பஸ்ஸில் அடுத்த முறை இழுப்பு வந்ததும் அப்படியே விட்டேன். வாயில் விசில் இருந்தது, அலறியது. டிரைவர் பிரேக் போட்டார். மறுபடி விட்டேன். மறுபடி பிரேக்.

"யோவ், எறங்க ஆளே இல்ல, யாருக்குய்யா நிப்பாட்டச் சொல்ற?"

கூடைக்காரி ஒருத்தி, "மேயிற ஆட்டையும் ஏத்திக்கிட்டுப் போவாரு போல" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

எனக்கு வந்த கோபத்தில் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே மூச்சை விட்டுப் பார்த்தேன். அப்போதுதான் பிடிபட்டது. அவசரப்பட்டால் அது கத்தும். தோள் ஏறியிருந்தாலும் கத்தும். உடம்பு தளர்ந்து மூச்சு மெதுவாகப் போனால் வெறும் காற்றுதான் வரும். இழுப்பில்லாத நாட்களிலும் விடாமல் பழகினேன். தப்பினால் டிரைவரின் வசவு.

ஒரு நாள் முதலாளியே ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தார், என்னை வேவு பார்க்க. திருமயம் தாண்டியதும் எதிரே வந்த லாரி புழுதியை வாரி உள்ளே போட்டது. நெஞ்சு அடைத்தது. பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டுச் சாய்ந்து நின்று, தோளை இறக்கி விசில் வழியே மூச்சை விட்டேன். அது கத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பு இளகியது. அடுத்த ஊர் வந்ததும் நறுக்கென்று ஊதி வண்டியை நிறுத்தினேன்.

"என்னய்யா, இன்னைக்கு இழுப்பு வரலையா?" என்றார் முதலாளி.

"வந்துச்சுங்க."

"நான் பாக்கலையே."

"பாக்கத்தானே வந்தீங்க? நல்லாப் பாத்திருக்கணும்."

"வாய் மட்டும் கொறையல" என்றார். பிறகு இறங்கும்போது, "காலையில மொத வண்டிக்கு வந்துரு. லேட்டாக்காத" என்றார்.

மாத்திரையை நான் நிறுத்தவில்லை. இழுப்பும் நிற்கவில்லை. ஆனால் அது வருகிறதென்று தெரிந்தால் இப்போது என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். முதலாளி அதன்பிறகு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னதே இல்லை.