குழைந்த சாதமும் ஒரு பிரியாணிப் பொட்டலமும்

அண்ணா, அப்பாவைக் கொன்றது என் ரசம் சாதம் அல்ல. நீ ஊட்டிய பிரியாணி.

நான் பெரிய சமையல்காரி இல்லை. எதையும் அளக்க மாட்டேன். குக்கரில் அரிசியைப் போட்டு, கை போன போக்கில் தண்ணீர் ஊற்றுவேன். தக்காளியைக் கையாலேயே பிசைந்து, மிளகையும் பூண்டையும் நசுக்கிப் போட்டு, நுரை கட்டியதும் ரசத்தை இறக்கிவிடுவேன். பருப்புத் தண்ணீர் இருந்தால் சேர்ப்பேன், இல்லாவிட்டால் போகட்டும். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு மந்தைவெளி வீட்டுக்குத் திரும்புகிறவளுக்கு அது போதும். சாதம் எப்போதும் குழைந்துதான் போகும். முன்பெல்லாம் அதற்கு முகத்தைச் சுளித்தவர்தான் அப்பா.

பக்கவாதம் வந்தபின் அவருக்கு வேறு எதுவும் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தாலே புரை ஏறியது. எதையும் மசித்து, கெட்டியாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்றார் டாக்டர். நீயும் பக்கத்தில்தான் நின்றாய், போனைப் பார்த்துக்கொண்டு.

"இன்னாம்மா, இன்னிக்கும் அதானா?" என்பார் அப்பா.

"புடிக்கலன்னா எழுந்து வந்து நீயே செய்யேன்ப்பா."

"செய்யலாம். காலு லீவுல கீதே."

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். வாய் ஒரு பக்கம் கோணும். அவர் சிரித்து முடிக்கும்வரை ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். சிரிக்கும்போது ஊட்டினால் புரை ஏறும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து, திருவான்மியூரிலிருந்து பொட்டலத்தோடு வந்தாய்.

"ஆஸ்பத்திரி சோறு போட்டு ஆளையே உருக்கிட்டியே. மனுசன் துன்றதா இது?"

"கறி வேணாம்ணா. டாக்டர் சொன்னது ஞாபகம் கீதா இல்லியா?"

"ஒரு வாயில இன்னா ஆயிடும்? பெரிய நர்ஸம்மா மாதிரி பேசாத. இன்னா நைனா, துன்றியா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பார்த்தார். அவருக்கு ஆசை இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன்.

பொட்டலத்தைப் பிடுங்கி அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். இறங்கி வந்தபோது அப்பாவின் முகம் நீலமாக இருந்தது. சட்டையெல்லாம் பிரியாணிச் சோறு. நீ அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, "லேசா புரை ஏறிடுச்சு, அவ்ளோதான்" என்றாய்.

சாயங்காலமே காய்ச்சல். நுரையீரலில் உணவு இறங்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை.

என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டதற்கு, "ரசம் சாதம். தங்கச்சிதான் ஊட்டுனா" என்று சொல்லியிருக்கிறாய். அப்போது நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் நர்ஸ் என்னிடமே கேட்டாள், "ஏம்மா, அவசரப்பட்டு ஊட்டுனீங்களா?" அடக்கத்தன்றும் உறவுக்காரர்களிடம் அதையே சொன்னாய். தங்கச்சிக்குப் பொறுமை கிடையாது, சோற்றை அடைத்துவிட்டாள் என்று. அத்தை என் கையால் காபி வாங்கவில்லை. இன்றுவரை பேசவும் இல்லை.

வருகிற ஞாயிறு அப்பாவின் முப்பதாம் நாள் பூசை. பிறகு கோயில் ஹாலில் சாப்பாடு. அவருக்குப் பிடித்தது என்று நீ பிரியாணி சொல்லியிருக்கிறாயாம். போடு, எல்லோரும் சாப்பிடட்டும்.

ஆனால் இலை போடுவதற்கு முன் எனக்குப் பதில் வேண்டும். வீட்டுக்கு வந்து என் காதில் சொல்லும் பதில் வேண்டாம். ஹாலில் மைக் இருக்கும், அத்தையும் இருப்பாள். கடைசியாக அப்பாவின் வாயில் என்ன வைத்தாய்? எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்.