டாக்டரம்மாவின் மங்கு

போடியில் புதிதாகத் திறந்த, டாக்டரே முக அழகுக்கு வைத்தியம் பார்க்கும் மெடிக்கல் ஸ்பாவில்தான் அந்த டாக்டரம்மாவைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு. எதற்கும் பதில் சொல்லுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

“மகனுக்குக் கல்யாணம். காஞ்ச ஏலக்காய்க்குப் பாலிஷ் போடுற மாதிரி, கன்னத்துல கறுப்பாப் படர்ந்திருக்கிற இந்த மங்கைத் தேச்சு விட்ருங்க,” என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், நான் போய்வரும் ஏலக்காய் எஸ்டேட்டில் எவ்வளவு வெயில் என்றெல்லாம் விசாரித்தார்.

“லேசரு வச்சா இன்னும் கறுத்தாலும் கறுத்துரும்க்கா. வெயிலுக்குக் கிரீம் தர்றேன். எஸ்டேட்டுக்கு ஜீப்புல போறப்ப மூஞ்சிய மூடிக்கங்க.”

“பியூட்டி பார்லர்ல இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டாகளே?”

“இங்க டாக்டரு ‘வேணாம்’னும் சொல்லணும்க்கா.”

எழுந்தபோதுதான் கவனித்தேன். சுற்றிலும் அத்தனை மெஷின்கள்; அவருடைய இரு கன்னங்களிலும் என்னுடையதைவிடப் பெரிய மங்கு.

அவருக்கு ‘வேணாம்’ சொன்ன டாக்டர் யாரோ?